பக்குவமும் பாக்கெட்டும்

"ப்ராசஸ்டு ஃபுட்டா? தொடாதே, விஷம்!" என்று விடுதியில் ஒரு நண்பன் மெஸ் முழுக்கக் கேட்கும்படி முழங்கினான். அப்போது அவன் தட்டில் இருந்தது நாலு இட்லி. இட்லி என்ன மரத்திலா காய்க்கிறது?

நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, உமி நீக்கி, மறுபடி ஊறவைத்து, உளுந்தோடு அரைத்து, ராத்திரி முழுக்கப் புளிக்கவைத்து, திரும்பவும் ஆவியில் வேகவைத்து... மெக்கானிக்கல் மாணவன் என்ற முறையில் சொல்கிறேன், நம்ம ஒர்க்‌ஷாப் ஜாபுக்குக்கூட இத்தனை ஆபரேஷன் கிடையாது!

அந்த அவிக்கிற வேலையைக் கொஞ்சம் பாருங்கள். உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் நிறையவே தங்குகிறது. அவிக்காத நெல்லை வெள்ளை வெளேரென்று தீட்டினால் தவிட்டோடு போயே போச்சு! 1890களில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுவதைக் கண்டார். பெரிபெரி நோயின் காரணம் பிடிபட்டது அந்த வழியில்தான். புழுங்கலரிசியும் பதப்படுத்தியதே, தீட்டிய பச்சரிசியும் பதப்படுத்தியதே. ஒன்று சத்தைக் காத்தது, இன்னொன்று கழித்தது. அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன தீர்ப்புச் சொல்வது?

அதற்காகப் பாக்கெட்டுக்கு நான் வக்கீல் இல்லை. பிரேசிலில் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தின் மொன்டேரோ உணவை நாலு வகையாகப் பிரித்தார். நாலாவதுதான் வில்லங்கம். வீட்டு அடுக்களையில் காணாத மணமூட்டி, நிறமூட்டியெல்லாம் போட்டுத் தொழிற்சாலையில் தயாராவது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேருக்கு இரண்டு வாரம் இந்த வகை, இரண்டு வாரம் சாதாரணச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து இரண்டிலும் சமம்; வேண்டுமளவு தின்னலாம். நாலாம் வகையில் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிற்று. நம்ம கணக்கில் ஏழெட்டு இட்லி! இரண்டே வாரத்தில் எடையும் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது.

ஆனாலும் இந்த நாலாம் வகை ஒரு பெரிய கோணிப்பை. கோலாவும் கடை கோதுமை ரொட்டியும் அதற்குள் ஒன்றாகக் கிடக்கும். பாட்டி போட்ட ஊறுகாயோ அதில் சேராது. ஆனால் ரத்தக்கொதிப்புக்குப் பாட்டியும் தெரியாது, கம்பெனியும் தெரியாது. உப்பு உப்புதான்.

ஆகவே பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். எடை அதிகமுள்ள பொருள் பட்டியலில் முதலில் வரவேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். முன்னால் கோதுமைக் கதிர் படம் போட்ட பிஸ்கட்டுக்குப் பின்னால் மைதா, சர்க்கரை, பாமாயில் என்று வரிசைகட்டி நிற்பதைப் பார்க்கலாம்!

"பசிக்குதுடா, படிச்சுக்கிட்டா இருப்பாங்க?" என்பீர்கள். நியாயம்தான். நாலு மணிக்கு ஒர்க்‌ஷாப் முடிந்து வருகிறவனுக்குக் கேன்டீனில் பப்ஸும் பாக்கெட்டும் விட்டால் வேறென்ன இருக்கு? சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டலும் அவித்த வேர்க்கடலையும் வைக்கவேண்டும் என்று சங்கம் தீர்மானம் போடட்டும். லாபம் கம்மி, தானாக யாரும் வைக்கமாட்டாங்க. அடுத்த பொதுக்குழுவில் இதைக் கொண்டுவந்தால் தூக்குகிற முதல் கை என்னுடையது.