மழைக்கு யாகமா? கண்மாய்க்குக் கணக்கா?

கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் முதலிய கரிசல் கிராமங்களில் மழை தவறினால் முன்பெல்லாம் என்ன செய்வார்கள் என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாய் இழுப்பார்கள். வீட்டுக்கு வீடு மழைக்கஞ்சி வாங்குவார்கள். ஊரில் யாரோ செய்த பாவத்தால் மழை நின்றுவிட்டது என்பது இதன் தாத்பரியம். அந்தப் பாவியையும் பெண்ணாகத்தான் பாவித்து மாரடிப்பார்கள். கண்மாயைத் தூர்ந்து மேடாக விட்டவனும், வரத்துக்காலை அடைத்துத் தன் புஞ்சையோடு சேர்த்துக்கொண்டவனும் அந்த ஊர்வலத்தில் முன்னால் நடந்து வருவார்கள்!

படிக்காத குடியானவன் செய்ததைப் பற்றி நாம் பரிகாசம் செய்ய வேண்டியதில்லை. படித்தவர்கள் நடத்துகிற சர்க்கார் செய்தது என்ன? 2019-ல் தமிழ்நாடு தண்ணீருக்குத் தவித்தபோது, இந்து அறநிலையத் துறையார் மழைக்காகக் கோவில்களில் யாகமும் வருண ஜெபமும் நடத்தும்படி சுற்றறிக்கை அனுப்பினார்கள். நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டி நீர் நிரப்பவும், அமிர்தவர்ஷிணி முதலிய ராகங்களை வாசிக்கவும் அதில் சொல்லப்பட்டிருந்தது. உயிருள்ள மாடு தொட்டியில் தண்ணீரில்லாமல் நாக்கைத் தொங்கவிட்டு நிற்கையில், கல் மாட்டுக்குக் கழுத்தளவு தண்ணீராம்! இதை எந்த அறிவில் சேர்ப்பது?

நிற்க, அதே தூத்துக்குடி ஜில்லாவில் 2023 டிசம்பரில் என்ன நடந்தது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. கோவில்பட்டிப் பகுதிக்கு வருஷம் முழுவதும் கிடைப்பதே சுமார் 70 சென்டிமீட்டர்தான். ஒரு வருஷ மழைக்கு மேலானது ஒரு நாளில் வந்தது, ஊர்கள் மூழ்கின. ஜெபத்துக்கு இணங்கி மழை பெய்யுமானால், ஜெபத்துக்கு இணங்கி அன்று நின்றிருக்கக் கூடாதா? மழை யாருடைய பாவத்தையும் புண்ணியத்தையும் பார்ப்பதில்லை. வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் பெய்யும், தவறினால் இல்லை. மனிதன் கையில் இருப்பது, பெய்ததை எங்கே நிறுத்துவது, எப்படிப் பங்கிடுவது என்பதுதான்.

இதற்கு இக்காலத்தில் “நிலைத்த வளர்ச்சி” என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். 1987-ல் ஐக்கிய நாடுகள் அமைத்த கமிஷன் ஒன்று, இன்றையவர்களின் தேவை தீரவேண்டும், ஆனால் நாளை வருகிறவர்களின் தேவையை அது கெடுக்கக் கூடாது என்பதாக இதற்கு விளக்கம் சொல்லிற்று. கரிசல்காட்டுக் குடியானவனுக்கு இது புதிதல்ல. எவ்வளவு பசியானாலும் விதைக் கம்பைக் குத்தித் தின்னாதே என்பதுதான் அது. நிலத்தடி நீர், மண், கண்மாய், காற்று எல்லாம் விதைக் கம்பு. அதைக் குத்தித் தின்கிறவன் தன் பசியைத் தீர்க்கவில்லை. தன் பேரன் பசியை உண்டாக்குகிறான்.

“அப்படியானால் தொழிற்சாலையே வேண்டாமா?” என்று சில கனவான்கள் கேட்கலாம். வேண்டும் என்றுதான் நாமும் சொல்லுகிறோம். மழை பொய்த்த வருஷங்களில் கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழில்தானே எத்தனையோ அடுப்புகளை எரியவைத்தது? ஆனால் கணக்கை முழுதாக எழுது என்கிறோம். லாபத்தை முதலாளி பெயரிலும், கழிவை ஊரார் பெயரிலும் எழுதுவது எந்த ஊர் கணக்கு? வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் சாலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில், 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு இரண்டு நியாயங்களை இந்நாட்டுச் சட்டம் என்றே சொல்லிற்று. கெடுதல் வருமென்று தெரிந்தால் முழு ருசு வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடு என்பது ஒன்று. கெடுத்தவனே செலவைக் கொடு என்பது மற்றொன்று. நல்ல தீர்ப்புதான். ஆனால் 28 வருஷங்கள் கழிந்து 2025 ஜனவரியில், அதே பாலாற்று விவகாரத்தில் நஷ்டஈடு கொடுக்கும்படியும் ஆற்றைச் சீர்செய்யும்படியும் அதே கோர்ட்டு மறுபடியும் உத்தரவு போட நேர்ந்ததே, அது ஏன்? தீர்ப்பு காகிதத்தில் இருந்தது. கேட்கும் ஜனம் காகிதத்துக்கு வெளியே இருந்தது.

ஆகவே முக்கியமான கேள்வி, முடிவு செய்கிறவன் யார் என்பதுதான். 2020-ல் இந்திய சர்க்கார், ஒரு தொழில் வந்தால் சுற்றுப்புறத்துக்கு என்ன கேடு வரும் என்று மதிப்பிடுகிற விதிகளை மாற்ற ஒரு நகலை வெளியிட்டு, பொதுஜன அபிப்பிராயம் கேட்டது. எந்த பாஷையில் என்று நினைக்கிறீர்கள்? இங்கிலீஷிலும் இந்தியிலும்! மற்ற பாஷைகளிலும் மொழிபெயர்க்கும்படி டில்லி ஐகோர்ட்டு 2020 ஜூன் 30-ல் உத்தரவிட வேண்டி வந்தது. அதையும் எதிர்த்து சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. தோழர்களே! கோவிலில் மழைக்கு மந்திரம் சொல்லுகிறவன் உனக்குப் புரியாத பாஷையில் சொல்லுகிறான். உன் கிணற்றுக்குச் சட்டம் எழுதுகிறவனும் உனக்குப் புரியாத பாஷையில் எழுதுகிறான். இருவருக்கும் வேண்டியது உன் தலையாட்டல்தான்; உன் அபிப்பிராயமல்ல. புரிந்தால் கேள்வி கேட்பாய் என்ற பயமே இரண்டுக்கும் காரணம்.

கரிசலை மூடிக்கிடக்கும் சீமைக்கருவேலைப் பாருங்கள். 1870-களில் இந்நாட்டுக்குள் அதைக் கொண்டுவந்தது அதிகாரம். 2017-ல் மதுரை ஐகோர்ட்டுக் கிளை உத்தரவின்மேல் ஊரெங்கும் வெட்டச் சொன்னதும் அதிகாரம். சில மாதங்களுக்குள், விளைவை நிபுணர்கள் ஆராயட்டும் என்று வெட்டுவதை நிறுத்தச் சொன்னதும் அதிகாரம். கண்மாய்க்குள் அது வேண்டாம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த மரத்தில் மூட்டம் போட்டுக் கரி விற்று வயிறு கழுவுகிறவனையும், அதில் விறகு பொறுக்குகிற பெண்ணையும் யாராவது முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டார்களா?

இன்னொரு கூட்டத்தார், “பழைய குடிமராமத்து என்ன அழகு! ஊரே கூடிக் கண்மாய் வெட்டிற்றே!” என்று உருகுகிறார்கள். அந்த ஊரில் மண்வெட்டி பிடித்தவன் யார், சாவடித் திண்ணையில் உட்கார்ந்து முறை வைத்தவன் யார்? மண் சுமந்தவனுக்கே அந்தக் கண்மாயில் குடம் முக்க உரிமையில்லாத ஊர்கள் இருந்தனவே! வராதவனைத் தண்டிக்க வெள்ளைக்காரன் 1858-ல் கட்டாய வேலைச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஆதலால் பழைய கண்மாய் நமக்கு வேண்டும். பழைய சாவடி வேண்டாம்.

சாவடிக்குப் பதிலாகக் கிராம சபை இருக்கிறது. 1992-ல் செய்யப்பட்ட 73-வது திருத்தத்தால் வந்த உரிமை அது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஆண், பெண் யாவரும், எந்த ஜாதியாயினும் அதில் அங்கத்தினர். மார்ச்சு 22-ம் தேதியாகிய உலகத் தண்ணீர் தினத்திலும் அது கூட வேண்டும் என்று தமிழ்நாட்டில் ஏற்பாடு இருக்கிறது. அங்கே போய், நோட்டில் கையெழுத்து வைத்துவிட்டு வடை தின்று திரும்பினால், அதற்கும் யாகத்துக்குப் போய்ப் பிரசாதம் வாங்கி வருவதற்கும் வித்தியாசம் என்ன?

கேளுங்கள். கண்மாயின் எல்லை எவ்வளவு, இன்று மிச்சம் எவ்வளவு? வரத்துக்கால் யார் கையில்? அள்ளிய கரம்பை எங்கே போயிற்று, எந்த விலைக்கு? புதிதாக வரும் குவாரிக்கோ ஆலைக்கோ தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே? பதிலைத் தமிழில் எழுதிக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். பெண்கள் முதலில் கேட்கட்டும். குடம் சுமக்கிறவள் அவள்தானே.

கொடும்பாவியை இழுத்தது போதும். கணக்கை இழுத்து வெளியே போடுங்கள்.