நட்ட கன்று வாடுவதேன்?

கத்தரி, மிளகாய்க் கன்றுகள் நட்ட மறுநாளே தலைசாய்கின்றன. எவ்வளவு நீர் வார்த்தும் பயனில்லை என்று வன்னியில் புதிதாகத் தோட்டம் தொடங்கிய வாசகர் சிலர் நம்மிடம் வினவுகின்றனர். குறை பெரும்பாலும் நீரில் இல்லை. நாற்றுமேடையிலிருந்து பிடுங்குகையில் நீரை உறிஞ்சும் வேர்மயிர்கள் அறுந்துவிடுகின்றன. இலைகளோ முன்போலவே நீரை ஆவியாக்குகின்றன. வரவு குறைந்தும் செலவு குறையாத குடும்பத்தின் நிலைதான்! மேலும் மேலும் வார்த்தால் மண்ணில் காற்றற்று எஞ்சிய வேரும் அழுகும். கிளிநொச்சி வெயிலில் கன்று வேண்டுவது நிழலே. மேடையை முன்னரே நனைத்து, 4 அல்லது 5 கிழமைக் கன்றை வேர்மண்ணோடு கிளப்பி, மாலையில் நடுக. வாழைத்தடலோ கிடுகுத்துண்டோ சில நாள் மறைப்பாக இருக்கட்டும். பகலில் வாடி இரவில் நிமிரும் கன்றுக்காக அஞ்சவேண்டாம். ஐப்பசி மழையோடு நடுவோருக்கு மறைப்பைவிட, நீர் தேங்காத மேட்டுப்பாத்தியே முதல் தேவை.