பூட்டை இழுத்துப் பார்க்கும் நாம், மெயிலைப் பார்க்கிறோமா?

இரவு ஷட்டரை இறக்கிப் பூட்டியபின், பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் நம்மில் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. பாதித் தெரு போனபின் சந்தேகம் வந்து திரும்பி வந்தவர்களும் நம்மில் உண்டு. கல்லாப் பணத்தை இருமுறை எண்ணுகிறோம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுகிறோம். ஆனால் ஆர்டர், பில், வங்கி விவரம், ஜி.எஸ்.டி. ஓ.டி.பி. எல்லாம் வந்து போகும் கடையின் ஈமெயிலைத் திறந்த நாளிலிருந்து ஒருமுறையாவது சோதித்துப் பார்த்திருக்கிறோமா?

ஏன் கேட்கிறோம் என்பதை ஓர் உதாரணத்தால் சொல்வோம். விருதுநகரில் ஒரு மொத்த வியாபாரி, கர்நாடகத்தின் கலபுரகியிலுள்ள மில்லிலிருந்து துவரம்பருப்பு வரவழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, பாஸ்வேர்டைக் கொடுங்கள்' என்று ஒரு போலிக் கடிதம் வருகிறது. கணக்குப்பிள்ளை நம்பிக் கொடுத்துவிடுகிறார். அன்று ஒன்றும் நடப்பதில்லை. பணம் போகவில்லை, கம்ப்யூட்டரும் நிற்கவில்லை.

திருடன் மெயிலின் செட்டிங்ஸ் பகுதிக்குள் போய் இரண்டு விதிகளை மட்டும் எழுதி வைக்கிறான். பில், பேமெண்ட் என்ற சொற்கள் உள்ள கடிதங்களின் நகல் தனக்கு வரவேண்டும் என்பது ஒன்று. மில்லிலிருந்து வரும் உண்மையான கடிதம் முதலாளி கண்ணில் படாமல், யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குப் போகவேண்டும் என்பது மற்றொன்று. பிறகு வாரக்கணக்கில் உட்கார்ந்து படிக்கிறான். எத்தனை மூட்டை, எவ்வளவு பாக்கி, என்றைக்குப் பணம் அனுப்புவது வழக்கம் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. லோடு இறங்கும் நாளில், மில்லின் பெயரில், ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து கடிதம் வருகிறது: 'எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இனி இதற்கு அனுப்பவும்.' பில் எண் சரி, தொகையும் சரி. பணம் போய்விடுகிறது. பத்து நாள் கழித்து மில்காரர் பாக்கி கேட்டுப் போன் செய்யும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது.

'நம்முடையது சின்னக் கடை, நம்மிடம் யார் வரப்போகிறார்கள்' என்று நினைக்க வேண்டாம். திருடன் கடையின் அளவைப் பார்ப்பதில்லை, கவனக்குறைவைத்தான் பார்க்கிறான். இத்தகைய வணிக மெயில் மோசடிகளில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் 290 கோடி டாலருக்கு மேல் இழந்ததாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்குப் புகார்கள் வந்துள்ளன. கூகுள், ஃபேஸ்புக் நிறுவனங்களே 2013 முதல் 2015 வரை போலி மெயிலையும் போலி பில்லையும் நம்பி 10 கோடி டாலருக்கு மேல் அனுப்பின. அதைச் செய்த லித்துவேனியா நாட்டு எவால்தாஸ் ரிமாசவுஸ்காஸ் என்பவருக்கு 2019-இல் 5 ஆண்டுச் சிறை கிடைத்தது.

சந்தேகம் வந்தால் நாம் செய்வது இரண்டு. பாஸ்வேர்டை மாற்றுகிறோம், அல்லது மெக்கானிக்கை அழைத்துக் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்கிறோம். இரண்டும் போதாது என்பதே நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது. அந்த விதிகள் பெரும்பாலும் நம் கடைக் கம்ப்யூட்டரில் இருப்பதில்லை, மெயில் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. கம்ப்யூட்டரை அணைத்து வைத்தாலும் அவை வேலை செய்யும். பாஸ்வேர்டை மாற்றினாலும் அழியாது. வைரஸ் தடுப்பு மென்பொருளும் அவற்றைக் காட்டாது. பூட்டை மாற்றிவிட்டோம், ஆனால் பின்சுவரில் போட்ட ஓட்டை அப்படியே இருக்கிறது.

ஆகவே மாதம் ஒருமுறை, ஸ்டாக் எடுக்கும் நாளில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். செல்போனில் பார்த்தால் போதாது. ஜிமெயிலின் செல்போன் ஆப்பில் ஃபார்வர்டிங், ஃபில்டர் பக்கங்கள் கிடையாது. கம்ப்யூட்டரில்தான் திறக்க வேண்டும்.

முதலாவது, செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்' பக்கம். நாம் கொடுக்காத முகவரி இருந்தால் நீக்குங்கள். இரண்டாவது, 'ஃபில்டர்ஸ்' பக்கம். அவுட்லுக் என்றால் 'ரூல்ஸ்'. வெறும் புள்ளியைப் பெயராக வைத்த விதி, கடிதத்தை அழிக்கும் விதி, வேறு ஃபோல்டருக்குத் தள்ளும் விதி எதையும் விடாதீர்கள். மூன்றாவது, 'அக்கவுண்ட்ஸ்' பக்கம். வேறு யாருக்காவது நம் பெட்டியைத் திறக்கும் அனுமதி இருக்கிறதா, நமக்கு வரவேண்டிய பதில் வேறு முகவரிக்குப் போகும்படி மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நான்காவது, ஜிமெயிலின் அடியில் 'டீடெய்ல்ஸ்' என்பதை அழுத்தினால், கடைசியாக எங்கிருந்து திறக்கப்பட்டது என்று தெரியும். எல்லாம் சரியான பின் பாஸ்வேர்டை மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, இரண்டடுக்குப் பாதுகாப்பை வையுங்கள். இன்றைக்குள்ள நிலையை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த மாதம் ஒப்பிடுவது எளிது.

பணம் அனுப்புவதில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். கணக்கு எண் மாறியதாகக் கடிதம் வந்தால், அந்தக் கடிதத்திலுள்ள எண்ணுக்கு அல்ல, நம் பழைய பில்லிலுள்ள எண்ணுக்குப் போன் செய்து, பழகிய குரலைக் கேட்டபின்தான் அனுப்ப வேண்டும். ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் அனுப்புமுன் பெறுபவர் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதைப் பயன்படுத்துங்கள். பணம் போய்விட்டது தெரிந்தால், ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணியும் திருடனுக்கு லாபம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படி நடந்தால் முதலில் பழி விழுவது கணக்குப்பிள்ளை மீதுதான். இருபது வருடம் விசுவாசமாக உழைத்தவரைச் சந்தேகித்து அனுப்பிவிட்டால், அடுத்தவர் தவறு செய்தவுடன் சொல்ல மாட்டார், பயந்து மறைப்பார். திருடன் விரும்புவதும் அதைத்தான். பொறுப்பு முதலாளியுடையது. பேரேட்டில் கையெழுத்துப் போடும் நாம், மெயிலின் செட்டிங்ஸையும் நம் கண்ணால் பார்க்க வேண்டும்.

நமது சங்கமும் மாதாந்திரக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, உறுப்பினர்களை உட்கார வைத்து இதைச் செய்து காட்ட வேண்டும் என்பது நமது கோரிக்கை. விவரம் தெரிந்த இளைஞர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களை அழைத்துக்கொள்ளலாம். இன்று இரவு பூட்டை இழுத்துப் பார்க்குமுன், மெயிலையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஷட்டரை இறக்குவோம்.