எச் முத்திரை

ரேஷன் கடைக்கென்றே எங்கள் வீட்டில் ஒரு பை இருந்தது. யூரியா சாக்கை வெட்டித் தைத்த பை. பிடிக்குப் பழைய சேலைக் கரை. மாதத் தொடக்கத்தில் தெருமுனையிலிருந்து யாராவது ‘அரிசி போடுறாங்க’ என்று குரல் கொடுத்தால், அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அந்தப் பையோடு ஓடுவார். 2003இன் கடைசியோ 2004இன் தொடக்கமோ, ஒருநாள் போன வேகத்திலேயே வெறும் பையோடு திரும்பி வந்தார். எங்கள் கார்டில் ‘எச்’ என்று முத்திரை விழுந்திருந்தது. இனி அரிசி கிடையாது. அம்மா பையை நான்காக மடித்து அடுப்படி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அன்று முழுக்க அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டிய குடும்பங்களுக்கான முத்திரை அது. அட்டை ஓர் அடையாளத்துக்கு இருக்கும், பொருள் வராது. அப்பா மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். வருமானம் என்ன என்று கேட்டபோது 5,200 என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். வீட்டில் ஆறு பேர். பாட்டிக்குத் தினமும் இன்சுலின். ரேஷன் அரிசி அப்போது கிலோ 3 ரூபாய் 50 காசு. வெளியே அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். 20 கிலோவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோட்டைத் தாண்டிய அந்த 200 ரூபாய், அரிசி மண்டிக்கே போய்ச் சேர்ந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுக்காரரும் நாங்களும் சாப்பிட்டது ஒரே குழம்புதான்.

2004 மக்களவைத் தேர்தல் முடிந்த கையோடு அந்த முத்திரை திரும்பப் பெறப்பட்டது. அலமாரியிலிருந்து பை இறங்கியது. ஆனால் அந்தச் சில மாதங்கள் எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தன. ‘யார் ஏழை?’ என்ற கேள்வி, கேட்கப்படுகிறவருக்கு எப்படி இருக்கும் என்பதை.

நாடு முழுவதும் அந்தக் கேள்வி அதற்கு முன்பே வந்துவிட்டது. 1997இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தது. தமிழ்நாடு அதை ஏற்காமல் எல்லோருக்கும் அரிசி என்ற பழைய வழியிலேயே நின்றது. 1967இல் ரூபாய்க்கு ஒரு படி என்று சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய பாதை அது. இடையில் வந்து போன இடறல்தான் எங்கள் ‘எச்’ முத்திரை. 2002இல் அபிஜித் சென் தலைமையிலான குழு, நாட்டின் நீண்டகால உணவு தானியக் கொள்கையை ஆராய்ந்து, எல்லோருக்குமான விநியோகத்துக்கே திரும்ப வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாடு திரும்பவில்லை.

கோடு போடுகிறவர்கள் எங்கே போட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2011இல் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் சொன்ன கணக்கு: நகரத்தில் ஒருவர் நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் செலவழித்தால் அவர் ஏழை இல்லை. நாடே கொதித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து ரங்கராஜன் குழு அதை 47 என்றும் 32 என்றும் உயர்த்தியது. 47 ரூபாய் செலவழிக்கிறவர் ஏழை, 48 ரூபாய் செலவழிக்கிறவர் ஏழை இல்லை என்றால், அந்த ஒரு ரூபாய் எந்த நாளின் ரூபாய்? சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்குத் திங்கட்கிழமை கூலி உண்டு, மழை பெய்த செவ்வாய்க்கிழமை கிடையாது. ஐப்பசி முழுக்க வேலையே இல்லாமலும் போகும். வருமானச் சான்றிதழில் இருப்பது ஒரே ஒரு எண். அதில் எந்த மாதத்தை எழுதுவது?

எல்லோருக்கும் கொடுத்தால் வசதி உள்ளவர்களும் வாங்குகிறார்களே என்பார்கள். வாங்குகிறார்கள்தான். ரேஷன் அரிசி எல்லை தாண்டிக் கடத்தப்படுகிறது என்பதும், மாவரைக்கவும் கோழித் தீவனத்துக்கும் போகிறது என்பதும் உண்மை. தமிழ்நாட்டு அரசுக்கு உணவு மானியமாக ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது. இது சின்னத் தொகை அல்ல. கடத்தலைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த ஒழுகலை அடைக்கிறேன் என்று சல்லடையைப் போட்டால், அதில் முதலில் வெளியே விழுவது சான்றிதழ் வாங்க நான்கு நாள் கூலியை விட முடியாத வீடுதான். இன்னொன்றையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் கடை வரிசையில் பள்ளிக்கூட டீச்சரும் நின்றார், போஸ்ட் ஆபீஸ்காரரும் நின்றார். அரிசியில் வண்டு இருந்தால் அவர்கள் சத்தம் போடுவார்கள், மனு எழுதுவார்கள். அவர்களுக்குக் கிடைத்த நல்ல அரிசிதான் அடுத்து நின்ற பூக்காரம்மாவுக்கும் கிடைத்தது. ஏழைகளுக்கு மட்டும் என்று ஆகிவிட்ட கடையில் சத்தம் போட யாரும் இருக்க மாட்டார்கள்.

2011 ஜூன் முதல் அரிசிக்கு விலையே இல்லை. 2013இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம், நாட்டில் கிராமத்தவரில் 75 சதவீதம், நகரத்தவரில் 50 சதவீதம் என்று வரம்பு வைத்தது. 2016 நவம்பரில் அது இங்கே நடைமுறைக்கு வந்தபோதும், வரம்புக்கு வெளியே நிற்பவர்களுக்கான செலவைத் தன் கணக்கில் ஏற்று, மாநிலம் அரிசியை எல்லோருக்கும் வைத்துக்கொண்டது. நிதி ஆயோக்கின் 2023 அறிக்கைப்படி, பல பரிமாண வறுமையில் இருப்போர் நாட்டில் 14.96 சதவீதம், தமிழ்நாட்டில் 2.20 சதவீதம். அரிசி மட்டுமே இதைச் செய்துவிடவில்லை. சத்துணவு, பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் சேர்ந்துதான். இவற்றில் பெரும்பாலானவற்றின் வாசலில் வருமானம் கேட்டு யாரும் நிற்கவில்லை.

அதனால்தான் மகளிர் உரிமைத்தொகையின் நிபந்தனைகளைப் படித்தபோது மனம் சுருங்கியது. அந்தத் திட்டத்தை நான் நெஞ்சார வரவேற்கிறேன். மாதம் 1,000 ரூபாயைப் பெண்ணின் கையில், அவள் வேலைக்கான உரிமை என்று சொல்லிக் கொடுப்பது பெரிய காரியம். ஆனால் உரிமை என்று பெயர் வைத்துவிட்டு, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், மின்சாரம் 3,600 யூனிட் என்று கோடுகள். 2023இல் 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முதலில் தேறியவர்கள் 1 கோடியே 6 லட்சத்துச் சொச்சம். ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் நடத்தும் வீடுகள் மதுரைச் சந்துகளில் எத்தனையோ உண்டு. அந்த மீட்டர் 3,600ஐத் தாண்டினால் அந்த மூன்றில் யார் வசதி உள்ளவர்?

நான் கேட்பது இதைத்தான்: இவ்வளவு துருவிக் கேட்கத் தெரிந்த நாம், மேலே இருப்பவர்களிடம் என்ன கேட்கிறோம்? பெரும் சொத்து வாரிசுக்குக் கைமாறும்போது விதிக்கப்பட்ட வரி 1985இல் நீக்கப்பட்டது. செல்வ வரியையும் 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். வசூல் குறைவு, நடைமுறைச் சிரமம் அதிகம் என்றார்கள். நடைமுறைச் சிரமம் என்பது கோடீஸ்வரருக்கு வரியை விலக்கப் போதுமான காரணமாகிறது. அதே சிரமம் சித்தாள் பெண்ணுக்கு வந்தால், அது அவள்தான் சுமக்க வேண்டியதாகிறது. தாமஸ் பிக்கெட்டியும் மற்ற ஆய்வாளர்களும் 2024இல் வெளியிட்ட கணக்கில், 2022-23இல் நாட்டின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினருக்குப் போயிருக்கிறது. எல்லோருக்கும் அரிசி கொடுங்கள். வசதி உள்ளவர் வாங்கிய அரிசிக்கு மேல் பல மடங்கை வரியாக அவரிடமே வாங்குங்கள். கேள்வி அங்கே கேட்கப்படட்டும். அங்கே பதில் சொல்ல ஆடிட்டர் இருக்கிறார்.

எங்கள் வீட்டில் இப்போது வசதி வந்துவிட்டது. போன வருடம் அம்மாவிடம், அரிசி கார்டைச் சர்க்கரை கார்டாக மாற்றிவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்த முத்திரை அவருக்கு நினைவுக்கு வந்துவிடக் கூடாதே என்ற பயம். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

“மாத்திருவோம்ப்பா. இப்ப நாமளாத்தான மாத்துறோம். அன்னைக்கு அவங்கள்ல குத்துனாங்க” என்றார்.

மாற்றினோம். அதற்கடுத்த மாதம் கடைக்குப் புறப்படும்போது அலமாரியிலிருந்து அதே சாக்குப் பையைத்தான் எடுத்தார். கைப்பிடிக்கு இரண்டு முறை வேறு சேலைக் கரை மாற்றிவிட்டார். சர்க்கரைக்கு இவ்வளவு பெரிய பை எதற்கம்மா என்றேன். பக்கத்து வீட்டு ஆச்சியால் தூக்க முடியாதாம். அவருடைய அரிசியையும் வாங்கி வர வேண்டுமாம்.