பொம்மை மாற்றும் சுதந்திரம்

காருக்குள் வழி சொல்லும் கருவிகள் நமக்கு ஒரு விசித்திரமான சுதந்திரத்தை வழங்கியிருக்கின்றன. திரையில் நகரும் அம்புக்குறியை அகற்றிவிட்டு, அவ்விடத்தில் பிடித்தமான வண்டியின் படத்தை வைத்துக்கொள்ளலாம். கார்மின் கருவிகளில் இவ்வசதி நெடுங்காலமாக உண்டு. கூகுள் மேப்ஸ் 2018இல் கார், எஸ்யூவி, பிக்கப் என மூன்று பொம்மைகளைத் தந்தது. அதே ஆண்டு மார்ச்சில், ஒரு வார காலம், மாரியோ என்னும் வீடியோ விளையாட்டு நாயகனே வரைபடத்தில் வண்டியோட்டினான். பின்னர் வகைகளும் வண்ணங்களும் பெருகின.

விளையாட்டை நாம் மறுக்கவில்லை. அதைப் பயனருக்குத் தரப்பட்ட பெரும் உரிமைபோலக் கொண்டாடுவதையே மறுக்கிறோம்.

சமவெளியில் இதன் வெறுமை கண்ணில் படாது. மலைக்கு வர வேண்டும். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலை, கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் காலையில் மலையேறி மாலையில் இறங்குகின்றன. அவற்றோடு பேருந்து, லாரி, சுற்றுலாக் கார். வளைவில் திரும்ப ஒவ்வொன்றுக்கும் வேண்டிய இடம் வேறு. இறக்கத்தில் பிரேக் தாங்க வேண்டிய பாரம் வேறு. திரையில் காரை எடுத்துவிட்டுப் பிக்கப்பை வைத்தால் இவற்றில் ஒன்றேனும் கருவிக்குத் தெரியவருமா? வராது. அது சொல்லும் வழியும் அதே, நேரமும் அதே. மாறியது முகமூடி மட்டுமே.

இது இயலாத காரியமும் அல்ல. 2017 டிசம்பரில் இந்தியாவில் இருசக்கர வண்டிக்கென்று தனி வழிமுறையை இதே கூகுள் அறிமுகப்படுத்தியது. அப்போது மாறியது படம் அல்ல, கணக்கு. லாரி ஓட்டுநர்களுக்கென்று கார்மின் விற்கும் தனிக் கருவிகளில் வண்டியின் உயரம், நீளம், எடை ஆகியவற்றைச் சொல்லி வழி கேட்கலாம். ஆக, அறிவு இருக்கிறது. நம் கைக்கு வருவதோ பொம்மை.

ஒரு மறுப்பு எழக்கூடும்: ‘நம் ஜீப்புக்காரர்கள் முன்கண்ணாடியில் பிள்ளைகளின் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் எழுதிக்கொள்வதில்லையா? இதுவும் அதுதானே?’ அல்ல. கண்ணாடிப் பெயர் எதிரே வருபவன் பார்ப்பதற்கு. வளைவில் அதைக் கண்டதும் யார் வண்டி என்று அவன் அறிவான், ஒதுங்குவான், கையசைப்பான். திரைப் பொம்மையைப் பார்ப்பவர் அதை வைத்தவர் ஒருவரே. அந்தத் திரையில் ஓடுவது ஒரே வண்டி. அதைச் சுற்றித்தான் மலையே திரும்புகிறது. மலைச்சாலையின் அறம் இதற்கு நேர் எதிரானது. சாலை குறுகலான இடத்தில், இறங்கும் வண்டி ஓரமாக நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது 1989இன் சாலை விதிகளிலேயே எழுதப்பட்டது. பிறர் ஒருவர் உண்டு என்ற நினைவின்மேல் நிற்கும் விதி அது.

கூகுள் 2013இல் வாங்கிய வேஸ் செயலி பிற பயணிகளின் சின்னங்களையும் காட்டுகிறதே எனலாம். காட்டுகிறது, அதே செயலியை வைத்திருப்பவர்களை மட்டும். தோட்டத்து ஜீப் அதில் இல்லாவிட்டால், அந்தத் திரையைப் பொறுத்தவரை அடுத்த வளைவில் எவருமில்லை.

இந்த மலைக்கே ஒரு பழைய பாடம் உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு முன் மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே வழியே கொட்டகுடிப் பக்கம் இறங்கியது. ரோப்வே போய்விட்டது, டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்பவை ஊர்ப்பெயர்களாக நின்றுவிட்டன. சுமை சுமந்ததால் வரைபடத்தில் இடம் பெற்ற வாகனம் அது. எவரும் வண்ணம் தேர்ந்தெடுத்து அதை அங்கே ஒட்டவில்லை.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: எங்கள் வண்டி எப்படித் தோன்ற வேண்டும் என்று கேட்பதற்கு முன், அது எதை, எத்தனை பேரை ஏற்றி வருகிறது என்று கேளுங்கள். எதிரே ஏறி வருபவரைக் காட்டுங்கள். பொம்மையின் வண்ணத்தை அதன்பின் நிதானமாகத் தேர்ந்துகொள்வோம்.