முகவரியை ரவுட்டரில் குடுங்கோ, பிரிண்டரில் வேண்டாம்

இந்தக் கிழமை எபிசோடில் வீட்டு நெட்வொர்க் பற்றிக் கதைத்தோம். பிரிண்டர் பகுதிக்கு வரமுதலே நேரம் முடிஞ்சு போச்சு. அங்கே சொல்ல விட்டது இதுதான்: பிரிண்டருக்கு மாறாத ஐபி முகவரி கட்டாயம் குடுங்கோ. ஆனால் அதைப் பிரிண்டரின் மெனுவுக்குள் போய்க் குடுக்காதேங்கோ. ரவுட்டரில் குடுங்கோ.

எங்களில் கனபேர்தான் அம்மா அப்பாவின்ரை ஐடி டிபார்ட்மெண்ட். நான் வேறை நகரத்தில் இருக்கிறன். அம்மா சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறவ. வெள்ளி இரவு பயிற்சித்தாள்கள் பிரிண்ட் எடுக்க வேணும். "தம்பி, பிரிண்டர் ஆஃப்லைன் எண்டு காட்டுது" எண்டு போன் வரும். பிரிண்டர் பழுதாகியிருக்காது. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் முகவரியை வாடகைக்குத்தான் குடுக்குது. ரவுட்டரை நிப்பாட்டிப் போட்டால், அல்லது பிரிண்டர் கன நாள் நிண்டிருந்தால், பழைய எண்ணே திரும்பக் கிடைக்கும் எண்டு உறுதி இல்லை. விண்டோஸில் பிரிண்டரின் போர்ட் பழைய எண்ணில் இருந்தால், கம்ப்யூட்டர் ஆள் மாறிப்போன வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கும்.

இதுக்குப் பலர் செய்யிறது, பிரிண்டரில் 'மேனுவல்' போட்டு 192.168.1.50 மாதிரி ஒரு எண்ணை அடிக்கிறது. வேலை செய்யும், கொஞ்ச நாளைக்கு. அந்த எண்ணைப் பிரிண்டர் எடுத்த விசயம் ரவுட்டருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த மாமாவின் போனுக்கும் அதையே தூக்கிக் குடுக்கலாம். இதைவிட மோசம், இன்டர்நெட் கம்பனியை மாற்றுகிற நாள். புது ரவுட்டர் 192.168.0 வரிசையில் எண் குடுத்தால், 192.168.1 இல் பூட்டின பிரிண்டர் தனித்தீவு. அந்தச் சின்னத் திரையில் அம்புப் பட்டனை அமத்தி அதை மாற்றச் சொல்லி, போனில் அம்மாவுக்கு விளங்கப்படுத்திப் பாருங்கோ!

ரவுட்டரில் செய்தால் பிரிண்டர் 'ஆட்டோ'விலேயே இருக்கும். ரவுட்டரின் செட்டிங்ஸில் 'டிஎச்சிபி ரிசர்வேஷன்' அல்லது 'அட்ரஸ் ரிசர்வேஷன்' எண்டு தேடி, பிரிண்டரின் மேக் முகவரிக்கு ஒரு எண்ணை ஒதுக்குங்கோ. வைஃபைக்கு ஒரு மேக், கேபிளுக்கு வேறை மேக். எதில் இணைச்சிருக்கோ அதை எடுங்கோ. பிரிண்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போட்டு, விண்டோஸ் போர்ட்டிலும் அந்த எண்ணைக் குடுத்தால் சரி. பிறகு ரவுட்டர் மாறினாலும், வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் பழையபடி வச்சால், பிரிண்டர் தானாக வந்து சேரும். ஒதுக்கீட்டைத் திரும்பப் போட வேணும், உண்மைதான். ஆனால் அதை அம்மாவின் லேப்டாப்புக்குள் தூரத்தில் இருந்தே நுழைந்து நான் போட்டிடுவன். பிரிண்டரின் பட்டனை இங்கே இருந்து அமத்த ஏலாது.

போனில் இருந்து மட்டும் பிரிண்ட் எடுக்கிற வீட்டுக்கு இதெல்லாம் தேவைப்படாது. ஏர்பிரிண்ட் பிரிண்டரைப் பெயரால் தேடிப் பிடிக்கும்.

சில கம்பனிகள் குடுக்கிற ரவுட்டரில் இந்த வசதி ஒளிஞ்சிருக்கும், இல்லாமலும் இருக்கும். அப்ப மட்டும் பிரிண்டரிலேயே அடியுங்கோ, ரவுட்டர் பகிர்கிற வரிசைக்கு வெளியே ஒரு எண்ணாகப் பார்த்து. அடிச்ச பிறகு ஒரு துண்டில் எண்ணை எழுதி, கீழே "இன்டர்நெட் கம்பனி மாறினால் ஆட்டோ ஆக்கவும்" எண்டு தமிழிலேயே எழுதி, பிரிண்டரில் ஒட்டிவிடுங்கோ.