இரும்புச் சட்டிதான்... ஆனா இரும்புச்சத்து வராது!



1/ குன்னம் பக்கம் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற டாக்டர் நான். இன்னைக்கு ஊசியும் இல்ல, காய்ச்சலும் இல்ல. ஒரு சமையல் சட்டியைப் பத்திப் பேசணும். கடைசி வரைக்கும் படிங்க. உங்க வீட்டுல கர்ப்பிணியோ வயசுப் பொண்ணோ இருந்தா கண்டிப்பா படிங்க.

2/ கொஞ்ச நாள் முன்னாடி ஏழு மாசக் கர்ப்பிணி ஒருத்தங்க செக்கப்புக்கு வந்தாங்க. ஆறு வாரத்துக்கு முன்னாடி ஹீமோகுளோபின் 8.4. இப்போ 7.9. ஏறவேண்டியது இறங்கியிருக்கு.

"சத்து மாத்திரை போடுறியாம்மா?"

"இல்லைங்க சார். போட்டா குமட்டுது, மலம் கருப்பா போகுது, பயமா இருக்கு. அதான் வீட்டுக்காரர் மஸ்கட்லேருந்து பணம் அனுப்பி இரும்புச் சட்டி வாங்கச் சொன்னாரு. ஆறாயிரம் ரூபா சார். தினமும் அதுலதான் குழம்பு."

3/ போன்ல போட்டோ காட்டினாங்க. வெளியே செக்கச்செவேல்னு சிவப்பு. உள்ளே வெள்ளை வெளேர்னு பளபளப்பு. அழகான சட்டி, நல்ல கனம். ஆனா அது எனாமல் பூசின வார்ப்பிரும்பு. அதுல ஆறு வாரம் இல்ல, ஆறு வருஷம் சமைச்சாலும் ரத்தத்துல இரும்பு ஏறாது.

4/ ஏன்? எனாமல்ங்கிறது பெயின்ட் இல்ல, கண்ணாடி. கண்ணாடித் தூளை வார்ப்பிரும்பு மேல பூசி, சூளையில சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூட்டுல உருக்கி ஒட்ட வைக்கிறாங்க. உள்ளே இருக்கிறது இரும்புதான். ஆனா உங்க குழம்பு தொடுறது கண்ணாடியை. கண்ணாடி டம்ளர்ல மோர் குடிச்சா என்ன இரும்பு கிடைக்குமோ, அதேதான் இதுலயும்.

5/ பழைய அரசு ஆஸ்பத்திரிகளைப் பார்த்தவங்களுக்கு வெள்ளை எனாமல் ட்ரே, பேசின் எல்லாம் ஞாபகம் இருக்கும். மருந்தோடயும் ரத்தத்தோடயும் உலோகம் சேரக்கூடாதுன்னுதான் அந்தப் பூச்சு. எனாமலோட வேலையே இரும்பை வெளியே விடாம தடுக்கிறது. அதையே "இரும்புச்சத்து தரும் சட்டி"ன்னு விக்கிறது என்ன நியாயம்?

6/ "அப்போ இரும்புச் சட்டியில சமைச்சா சத்துன்னு பாட்டி சொன்னது பொய்யா டாக்டர்?" பொய் இல்லைங்க. பாட்டி சொன்னது பூச்சு இல்லாத இரும்பை.

1986-ல் அமெரிக்காவுல ஒரு ஆய்வு. பூச்சு இல்லாத வார்ப்பிரும்புல ஆப்பிள் கூழ் சமைச்சப்போ, 100 கிராமுக்கு 0.35 மி.கி. இருந்த இரும்பு 7 மி.கி.க்கு மேல போச்சு. 1999-ல் லான்செட் மருத்துவ இதழ்ல எத்தியோப்பியாக் குழந்தைகள் பத்தின ஆய்வு வந்துச்சு. அலுமினியப் பாத்திரத்துல சமைச்ச வீட்டுக் குழந்தைகளைவிட, இரும்புப் பாத்திரத்துல சமைச்ச வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரு வருஷத்துல ஹீமோகுளோபின் அதிகமா ஏறியிருந்துச்சு.

7/ புளிப்பும் ஈரமும் உள்ள உணவு, கூடுதல் நேரம் கொதிக்கும்போதுதான் இரும்பு நிறைய இறங்கும். அதனால தோசையைவிட தக்காளித் தொக்குல அதிகம். சமைச்சதும் வேற பாத்திரத்துக்கு மாத்திடுங்க. விட்டா கறுத்துப் போகும், துரு வாடை அடிக்கும். தலசீமியா மாதிரி, உடம்புல இரும்பு கூடிப்போற நோய் உள்ளவங்க டாக்டரைக் கேக்காம இரும்புச் சட்டிக்கு மாற வேண்டாம்.

8/ ரெண்டையும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது? காந்தம் உதவாது, ரெண்டுலயும் ஒட்டும். கனமும் உதவாது. உள்பக்கம் வெள்ளை, கிரீம் நிறத்துல வழவழன்னு இருந்தா எனாமல். கவனம், உள்ளே கருப்பு எனாமல் பூசினதும் இருக்கு. பார்க்க வெறும் இரும்பு மாதிரியே இருக்கும். அட்டையில் எனாமல்னு எழுதியிருக்கான்னு பாருங்க. "எண்ணெய் தடவி வைக்கவும்"னு சொன்னா பெரும்பாலும் பூச்சு இல்லாதது. ஈரத்தோட வெச்சா துரு பிடிக்கிறதும் அதுதான்.

9/ இப்போ முக்கியமான விஷயம். தமிழ்நாட்டுல 15-49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தேசிய குடும்ப நல ஆய்வு, 2019-21 சொல்ற கணக்கு. ரெண்டுல ஒருத்தர்! இதைச் சட்டியால மட்டும் சரி பண்ண முடியாது, பாட்டியோட சட்டியாலும்கூட. கர்ப்பிணிகளுக்கு இலவசமா தர்ற ஒரு மாத்திரையில 60 மி.கி. இரும்பு இருக்கு. சட்டி துணைக்கு வரும். மருந்து மாத்திரைதான்.

10/ குமட்டுதா? ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரையோட சேர்த்துப் போடாதீங்க. எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய், கொய்யா சேர்த்தா இரும்பு நல்லா சேரும். மலம் கருப்பா போறது சகஜம், பயப்பட வேண்டாம். அப்பவும் முடியலைன்னா நிறுத்தாம எங்ககிட்ட வந்து சொல்லுங்க. வேற வழி இருக்கு.

11/ நான் எனாமல் சட்டிக்கு எதிரி இல்ல. 1925-லயே பிரான்ஸ்ல லெ குரூஸே கம்பெனி இதைச் செய்ய ஆரம்பிச்சிருச்சு. சூடு சீராப் பரவும், ரொம்ப நேரம் நிக்கும். புளிக்குழம்பு வெச்சாலும் கறுக்காது, துரு பிடிக்காது. நல்ல பாத்திரம். ஆனா பாத்திரம் மட்டும்தான்.

12/ வாங்குறதுன்னா: பூச்சுல குமிழ், கீறல், விளிம்புல உதிர்வு இருக்கான்னு பாருங்க. ஈயம், காட்மியம் சோதனை செஞ்சதுன்னு எழுதித் தர்ற கம்பெனியாப் பார்த்து வாங்குங்க. பளீர் சிவப்பு, மஞ்சள் நிறங்களுக்குக் காட்மியம் சேர்க்கிறது உண்டு. யார் செஞ்சதுன்னே தெரியாத மலிவுச் சட்டி வேண்டாம்.

13/ பயன்படுத்தும்போது: வெறும் சட்டியை அடுப்புல காய விடாதீங்க. எண்ணெயோ தண்ணியோ ஊத்திட்டு மிதமான தீ. மரக்கரண்டி போதும். சூட்டோட பச்சைத்தண்ணி ஊத்தினா கண்ணாடி விரிசல் விடும், ஆற விட்டுக் கழுவுங்க. அடிப்பிடிச்சா வெந்நீர்ல சமையல் சோடா போட்டு ஊற வைங்க. கம்பி நாரைத் தொடவே தொடாதீங்க. உள்பக்கம் சில்லு பெயர்ந்துட்டா சமையலை நிறுத்திடுங்க. உதிர்ற துண்டு கண்ணாடி, அது சோத்துல கலக்கக்கூடாது.

14/ எனக்குக் கோபம் விக்கிறவங்க மேலதான். ரத்தசோகைங்கிற பயத்தைக் காட்டி, இரும்பே தராத சட்டியை ரீல்ஸ்ல விக்கிறாங்க. அந்த ஆறாயிரத்துக்கு எத்தனை முட்டை, எத்தனை கட்டு கீரை! பூச்சு இல்லாத இரும்பு வடைச்சட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதுகூட வேண்டாம், பரண்ல கிடக்கிற பழைய இரும்புச் சட்டியை எடுத்துத் தேய்ச்சு, வடிச்ச கஞ்சி ஊத்தி ஊற வெச்சு, எண்ணெய் தடவிப் பழக்குங்க. காசே இல்ல.

15/ அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. பிரசவத்துக்கு அதிக நாள் இல்லாததால அயர்ன் சுக்ரோஸ் ஊசி போட்டோம். மாத்திரையும் மறுபடி ஆரம்பிச்சாங்க, இப்போ ராத்திரியில. போன செக்கப்ல ஹீமோகுளோபின் 9.6. இன்னும் ஏறணும், ஏறும்.

"சட்டியைத் தூக்கிப் போட்டுடவா சார்?"ன்னு கேட்டாங்க.

வேண்டாம்மா. மீன்குழம்பு அதுல அருமையா வரும். வெச்சு சாப்பிட்டுட்டு, மறக்காம மாத்திரையைப் போடு.

உங்க வீட்டுச் சட்டியையும் இன்னைக்கு ஒரு தடவை உள்ளே எட்டிப் பாருங்க. கர்ப்பிணி இருக்கிற வீட்டுக்கு இதைப் பகிருங்க.